பெரியப்பாவின் ஜூஸ் பாட்டிலும் மதராஸின் கணையக் கல்லும்

போன தடவை செம்பரம்பாக்கம் ஏரி பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை கொஞ்சம் வேறு பக்கம் போகலாம். தலைப்பைப் பார்த்து பயப்பட வேண்டாம். இது வேதியியல் பாடம் இல்லை, வரலாறுதான். அதிலும் பாதி வரலாறு நம்ம ஊரில் நடந்தது என்பது எனக்கே தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

முதலில் இதை ஏன் தேடினேன் என்று சொல்லி விடுகிறேன். என் பெரியப்பா ஆவடியில் இருக்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பதினைந்து வருஷமாக சர்க்கரை நோய். கூட வேலை பார்த்த ஒருவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, ஒரு பழத்தின் பெயர் போட்ட ஜூஸ் பாட்டிலை மேஜை மேல் வைத்தார். "அண்ணே, இதுல ஆன்டிஆக்சிடன்ட் இருக்கு. மாத்திரையெல்லாம் கெமிக்கல். இது இயற்கை. மூணு மாசம் குடிச்சுப் பாருங்க" என்றார். ஒரு பாட்டில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய். பெரியப்பா மூன்று மாதம் குடித்தார். அதோடு நிற்கவில்லை, மாத்திரையையும் நிறுத்தி விட்டார். கால் கட்டைவிரலில் வந்த ஒரு சின்னப் புண் ஆறாமல் போய், ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் படுக்க வேண்டியதாயிற்று. விரல் தப்பியது. பெரியம்மாவின் வளையல் தப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் துணைக்கு உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா கேட்டார்: "நீ படிக்கிற பையன்தானே, ஆன்டிஆக்சிடன்ட்னா என்னடா? அது பொய்யா, நிஜமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. தேடினேன். கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

வாழைப்பூவும் நல்லெண்ணெயும்

வாழைப்பூவை ஆய்ந்தவுடன் நம் வீடுகளில் மோர் கலந்த தண்ணீரில் போடுவார்கள். ஏன்? வெளியே வைத்தால் கறுத்து விடும். காற்றில் உள்ள ஆக்சிஜன் பூவில் உள்ள பொருள்களோடு சேர்ந்து அதைக் கறுக்க வைக்கிறது. மோரின் புளிப்பு அந்த வேலையை மட்டுப்படுத்துகிறது. அதே மாதிரி, பழைய கடலை எண்ணெயை முகர்ந்தால் ஒரு காறல் வாடை வரும். அதுவும் ஆக்சிஜன் செய்த வேலைதான். ஆனால் நல்லெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் காறாது. எள்ளில் செசமால் போன்ற சில பொருள்கள் இருக்கின்றன, அவை எண்ணெய் கெடாமல் காக்கின்றன. ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் ஊற்றிய பாட்டிகளுக்கு செசமால் என்ற பெயர் தெரியாது, ஆனால் பலன் தெரியும்!

ஆக்சிஜன் இப்படிக் கெடுப்பதைத் தடுக்கும் பொருள்தான் ஆன்டிஆக்சிடன்ட். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கீரையிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டின், மஞ்சள், தேயிலை போன்றவற்றில் உள்ள பாலிபீனால்கள், எல்லாம் இந்த வகை.

எண்ணெய்க்கு நடப்பது உடம்புக்கும் நடக்குமா? இந்தக் கேள்வியில்தான் கதை தொடங்குகிறது. ஆனால் அதற்கு முன் குன்னூர் வரை ஒரு நடை போய் வர வேண்டும்.

குன்னூர் எலிகள்

இந்தியாவில் உணவையும் நோயையும் சேர்த்து வைத்து ஆராயும் வேலை நீலகிரியில் தொடங்கியது. ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் குன்னூரில் ஒரு சின்ன ஆய்வகத்தை நடத்தினார். 1920களில் அவர் செய்த சோதனை மிகவும் பிரபலம். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உணவைத் தின்ற எலிகளின் சராசரி எடை 235 கிராம். கடைசி இடம் யாருக்கு? நமக்குத்தான். தீட்டிய அரிசி நிறைய, பால் கொஞ்சம், காய்கறி கொஞ்சம் என்று இருந்த 'மதராஸி' உணவைத் தின்ற எலிகள் 155 கிராம்தான்.

படித்தபோது கொஞ்சம் ரோஷம் வந்தது, உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மதராஸ்காரன் ஆசைப்பட்டா அப்படிச் சாப்பிட்டான்? அது சமையலின் குறை இல்லை, ஏழ்மையின் அளவுகோல்.

மெக்கரிசனுக்குப் பிறகு 1935-ல் டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட் குன்னூர் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். அவர் காலத்தில் 1937-ல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை வெளிவந்தது. பின்னாளில் சி. கோபாலன் தலைமையில் அது விரிந்தது. ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இன்று எந்தப் பத்திரிகை 'நூறு கிராம் முருங்கைக்கீரையில்...' என்று எழுதினாலும் அதன் வேர் குன்னூரில்தான் இருக்கிறது.

கோபாலன் கால அட்டவணைப்படி நூறு கிராமில் வைட்டமின் சி: நெல்லிக்காயில் 600 மில்லிகிராம், முருங்கைக்கீரையில் 220, அகத்திக்கீரையில் 169. (2017-ல் வந்த புதிய அட்டவணையில் நெல்லிக்கும் முருங்கைக்கும் எண்கள் குறைந்து விட்டன. அளக்கும் கருவிகள் மாறியதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் இவை முன்வரிசையில்தான்.) 1940ஐ ஒட்டி இன்றைய ஹரியானாவில் உள்ள ஹிசாரில் பஞ்சம் வந்து மக்களுக்கு ஸ்கர்வி கண்டபோது நெல்லிக்காய்தான் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. வைட்டமின் சி இல்லாவிட்டால் ஈறில் ரத்தம் கசிந்து, பழைய காயங்களும் திறந்து கொள்ளும் நோய் ஸ்கர்வி.

இங்கே ஒன்றைக் குறித்துக் கொள்ளுங்கள். இல்லாதவனுக்குக் கொடுத்தால் நெல்லிக்காய் உயிர் காக்கும். இருப்பவனுக்கு மேலும் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியை அப்போது யாரும் கேட்கவில்லை.

உடம்புக்குள் துரு

1954-ல் ரெபெக்கா கெர்ஷ்மன் என்ற அர்ஜென்டினா நாட்டு அறிவியலாளரும் அவர் குழுவினரும், அதிக ஆக்சிஜனும் எக்ஸ்ரே கதிரும் உடலைக் கெடுக்கும் விதம் ஒன்றே என்றார்கள். இரண்டிலும் குற்றவாளி 'ஃப்ரீ ராடிக்கல்'. அதாவது ஜோடி இழந்த எலக்ட்ரானுடன் அலையும் மூலக்கூறு. பக்கத்தில் கிடைத்ததிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக் கொள்ளும். பிடுங்கப்பட்டது அடுத்ததிடம் பிடுங்கும். திருவிழாக் கூட்டத்தில் செருப்பு தொலைத்தவன் இன்னொருவன் செருப்பைப் போட்டுக் கொண்டு போவது போல, வரிசையாக எல்லாருக்கும் செருப்பு போகும் :-)

1956-ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் ஒரு படி மேலே போய், நாம் கிழடாவதே இதனால்தான் என்றார். யாரும் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. 1969-ல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் நம் உடம்பில் இந்த ராடிக்கலை அடக்குவதற்கென்றே ஒரு நொதி இருப்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் விஷயம் சூடு பிடித்தது. போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது என்றால் திருடனும் இருக்கத்தானே வேண்டும்? 1985-ல் ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ் இதற்கு 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று பெயர் வைத்தார். ராடிக்கல்கள் பெருகி, அவற்றை அடக்கும் பொருள்கள் போதாமல் போகும் நிலை அது.

சரி, இனி மதராஸுக்கு வருவோம்.

கணையத்தில் கல்

சிறுநீரகக் கல் தெரியும். பித்தப்பைக் கல் தெரியும். கணையத்தில் கல் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம்தான் இன்சுலினைச் சுரக்கிறது, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதிகளையும் தருகிறது. மேல்நாடுகளில் கணையம் நாள்பட்டுக் கெடுவது பெரும்பாலும் குடிகாரர்களுக்கு. ஆனால் 1959-ல் சூய்டமா என்ற டச்சு மருத்துவர் இந்தோனேசியாவில் வேறு ஒரு காட்சியை எழுதினார். குடிக்காத, மெலிந்த, ஏழை இளைஞர்கள். எக்ஸ்ரே எடுத்தால் கணையம் முழுக்கக் கற்கள். கூடவே சர்க்கரை நோய்.

கேரளாவில் பி. ஜே. கீவர்கீஸ் இதே நோயை நூற்றுக்கணக்கில் பார்த்தார். சிறு வயதில் வயிற்று வலி, வளரும் வயதில் சர்க்கரை நோய், வாலிபத்தில் மரணம். அந்த நோயின் வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான். படிக்கும்போதே மனசு கனக்கிறது இல்லையா?

மதராஸிலும் அந்த நோயாளிகள் வந்தார்கள். இந்தியாவில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய முன்னோடிகளில் ஒருவர் பேராசிரியர் எம். விஸ்வநாதன். 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கினார். பிறகு ராயபுரத்தில் நீரிழிவு ஆராய்ச்சி மையத்தை உருவாக்கினார். அங்கே வி. மோகன், ஏ. ராமச்சந்திரன், சி. ஸ்னேகலதா ஆகியோர் வேலை செய்தார்கள். 1985-ல் மோகனும் மற்றவர்களும் தென்னிந்தியாவின் இந்தக் கணைய நீரிழிவு ஒரே அச்சில் வார்த்ததல்ல என்று ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டார்கள். அதே 1985-ல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறைவோடு தொடர்புள்ள நீரிழிவு என்று தனி வகுப்பு ஏற்படுத்தி, அதில் இந்தக் கல் நோயையும் ஒரு பிரிவாகச் சேர்த்தது.

காரணம் என்ன? 1979-ல் மெக்மில்லனும் கீவர்கீஸும் மரவள்ளிக்கிழங்கைக் கைகாட்டினார்கள். மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் உண்டு. புரதம் குறைவாகச் சாப்பிடுகிறவன் உடம்பில் அதை முறிக்கத் தேவையான கந்தகச் சத்து போதாது. கேரளாவில் கப்பா சாப்பிடுகிறார்கள், நோயும் இருக்கிறது. பொருந்துகிறதே! ஆனால் மதராஸில் இந்தக் கணக்கு இடித்தது. இங்கே வந்த நோயாளிகளில் பலர் மரவள்ளியை வழக்கமாகச் சாப்பிடுகிறவர்களே இல்லை.

மான்செஸ்டரிலிருந்து ஒரு சந்தேகம்

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் ஜோன் பிரகன்சா. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் கணைய நோய் மருத்துவர். 1983-ல் லான்செட் இதழில் அவர் ஒரு புதுக் கருத்தை வைத்தார். நாம் சுவாசிக்கும், விழுங்கும் வேதிப்பொருள்களை முறிப்பது கல்லீரலின் வேலை. அந்த நொதிகள் அளவுக்கு மீறி வேலை செய்யும்போது ராடிக்கல்கள் உண்டாகின்றன. அடி விழுவது கணையத்துக்கு. உடம்பில் ஆன்டிஆக்சிடன்ட் இருப்பு நன்றாக இருந்தால் தாங்கும். இல்லாதவனுக்குத் தாங்காது.

அப்படியென்றால் இந்தக் கருத்தைச் சோதிக்கச் சரியான இடம் எது? குடிக்காமலேயே கணையம் கெடும் ஊர். மதராஸ்!

மான்செஸ்டர் குழுவும் மதராஸ் குழுவும் சேர்ந்தன. தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்தைக் கொடுத்து, அது உடம்பை விட்டு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று பார்த்தார்கள். வேகமாகப் போனால் கல்லீரலின் அந்த நொதி முடுக்கி விடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். மதராஸ் நோயாளிகளில் அப்படித்தான் என்று 1990-ல் எழுதினார்கள். எது முடுக்கி விட்டது? புகையும் எண்ணெய் ஆவியும் இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு, வேலை செய்யும் இடத்தில் பெட்ரோலியப் பொருள்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்தான் ஞாபகம் வந்தது. 1964-ல் தொடங்கிய எஸ்டேட். அதற்கு முன்பே 1949-ல் டிஐ சைக்கிள்ஸ் வந்து விட்டது. கூலன்ட் எண்ணெய் காய்ந்த வாடையோடு வீட்டுக்கு வரும் அப்பாக்கள், ரேஷன் மண்ணெண்ணெயில் திரி ஸ்டவ் பற்ற வைக்கும் அம்மாக்கள். ஒரே அறை, ஒரே ஜன்னல். நான் சொல்வது ஊகம்கூட இல்லை, ஒரு ஞாபகம் மட்டும்தான். அந்த ஆராய்ச்சி அம்பத்தூரில் நடக்கவில்லை. ஆனால் அந்த ஆராய்ச்சித் தாளுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை நமக்குத் தெரிந்த வாழ்க்கை.

1993-ல் பிரகன்சா, ஸ்கோஃபீல்ட், ஸ்னேகலதா, மோகன் நால்வரும் சேர்ந்து மதராஸ் நோயாளிகளின் ரத்தத்தில் உள்ள ஆன்டிஆக்சிடன்ட் சத்துகளை மான்செஸ்டரோடு ஒப்பிட்டு வெளியிட்டார்கள். மதராஸ்காரர்களின் ரத்தத்தில் வைட்டமின் சி குறைவு. நெல்லிக்காயும் முருங்கையும் விளைகிற ஊரில்! வீட்டு வாசலில் முருங்கை நிற்பதும் தட்டில் கீரை விழுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? குன்னூர் எலிகள் சொன்னதையே எழுபது வருஷம் கழித்து மனித ரத்தம் சொன்னது.

டெல்லி ஆம் என்றது, மான்செஸ்டர் இல்லை என்றது

குறைவாக இருக்கிறது, சரி. கொடுத்தால் குணமாகுமா? பிரகன்சாவின் குழு 1990-லேயே 20 நோயாளிகளிடம் சோதித்திருந்தது. செலினியம், பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ, மெத்தியோனின் ஐந்தும் சேர்ந்த மாத்திரை. வலி குறைந்தது என்றார்கள். ஆனால் இருபது பேர் என்பது சின்ன எண்.

பெரிய சோதனை டெல்லி எய்ம்ஸில் நடந்தது. பிரமோத் கர்க் குழுவினர் 127 நோயாளிகளை எடுத்து, பாதிப் பேருக்கு ஆன்டிஆக்சிடன்ட், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. மாதத்தில் வலி இருக்கும் நாள்கள் ஆன்டிஆக்சிடன்ட் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 7.4 குறைந்தன. மற்றவர்களுக்கு 3.2 குறைந்தன. வலியே இல்லாமல் போனவர்கள் முதல் குழுவில் 32 சதவீதம், இரண்டாவதில் 13 சதவீதம். நல்ல வித்தியாசம்தான்.

அடுத்து 2012-ல் மான்செஸ்டரிலேயே, அதாவது இந்தக் கருத்து பிறந்த ஊரிலேயே, சிரிவர்தனா குழுவினர் 70 பேரை வைத்து அதே மாதிரிச் சோதனை செய்தார்கள். ரத்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட் அளவு நன்றாக ஏறியது. வலி? ஒரு வித்தியாசமும் இல்லை!

ஏன் இப்படி? டெல்லி நோயாளிகள் வயதில் இளையவர்கள், அவர்களில் பெரும்பாலோருக்குக் குடி காரணமில்லை. மான்செஸ்டர் நோயாளிகள் வயதில் மூத்தவர்கள், குடியால் வந்தவர்கள் நிறையப் பேர். டெல்லியில் பள்ளம் இருந்தது, மண் போட்டால் நிரம்பியது. மான்செஸ்டரில் பள்ளம் அவ்வளவு ஆழமில்லை என்றும் சொல்லலாம். இது பலர் சொல்லும் விளக்கம். எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது, ஆனால் வழக்கு முடிந்து விட்டது என்று சொல்ல மாட்டேன். நடுவில் மரபணுவும் வந்து சேர்ந்தது. ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் இந்த நோயாளிகளில் பலருக்கு இருப்பதை 2002-ல் இந்திய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, சாப்பாடு மட்டும் காரணம் இல்லை, புகை மட்டும் காரணம் இல்லை, ரத்த வழியும் இருக்கிறது.

பின்லாந்தில் விழுந்த இடி

இதற்கிடையில் உலகம் வேறு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்று பல கணக்கெடுப்புகள் சொன்னதால், 1981-ல் ரிச்சர்ட் பீட்டோவும் ரிச்சர்ட் டாலும் மற்றவர்களும், அது பீட்டா கரோட்டினாலா என்று சோதிக்க வேண்டும் என்று எழுதினார்கள். கவனியுங்கள், சோதிக்க வேண்டும் என்றுதான் எழுதினார்கள். விற்க வேண்டும் என்று எழுதவில்லை.

பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து மிகப் பெரிய சோதனை. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். 1994-ல் முடிவு வந்தபோது எல்லாரும் ஆடிப் போனார்கள். பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! ஏதோ தவறு என்று நினைத்தவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து அடுத்த செய்தி. புகை பிடிப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என்று 18,314 பேர் கலந்து கொண்ட சோதனையில் 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்பே நிறுத்தினார்கள்.

காய்கறி நல்லது. காய்கறியில் பீட்டா கரோட்டின் இருக்கிறது. ஆகவே பீட்டா கரோட்டின் மாத்திரை நல்லது. கணக்கு நேராகத்தான் இருந்தது. விடைதான் தப்பு.

சர்க்கரை நோய்க்கு வருவோம்

பெரியப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை நோயில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் உண்மையா? உண்மைதான். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ராடிக்கல்களை அதிகமாகக் கக்குகிறது, கண், சிறுநீரகம், நரம்பு கெடுவதற்கு அதுவே பொதுவான வேர் என்று 2001-ல் மைக்கேல் பிரவுன்லீ எழுதினார். சென்னையிலும் மோகனின் ஆராய்ச்சி நிலையத்தில், பாலசுப்பிரமணியம், அடைக்கலகோட்டீஸ்வரி ஆகியோர் நீரிழிவு நோயாளிகளின் டிஎன்ஏ முனைகள் குட்டையாகி இருப்பதையும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தோடு அதற்குள்ள தொடர்பையும் 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்டார்கள்.

ஆக, ஜூஸ் விற்றவர் சொன்னதில் முதல் பாதி பொய் இல்லை. அதுதான் ஆபத்தே. முழுப் பொய்யை யாரும் வாங்க மாட்டார்கள், பாதி உண்மை நன்றாக விலை போகும்.

இரண்டாவது பாதி? கேரளாவில் பிறந்த சலீம் யூசுஃப் நடத்திய பெரிய சோதனையில், இதய ஆபத்து உள்ள 9,541 பேரில் பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ கொடுத்தார்கள். அவர்களில் நீரிழிவுக்காரர்கள் ஏராளம். 2000-ல் வந்த முடிவு: மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. 2009-ல் ஜெர்மனியில் மிக்கேல் ரிஸ்டோ இன்னும் வேடிக்கையான ஒன்றைக் கண்டார். உடற்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. ஆனால் பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளும் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை! பயிற்சியின்போது உண்டாகும் கொஞ்சம் ராடிக்கல்தான் உடம்பைத் தட்டி எழுப்பும் அலாரம். மாத்திரை அந்த அலாரத்தை அமுக்கி விட்டது. ராடிக்கல் எப்போதும் திருடன் இல்லை, சில நேரம் கூர்க்காவும் அவன்தான்.

பாட்டிலில் எழுதியிருக்கும் பெரிய எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழத்தின் ஆன்டிஆக்சிடன்ட் சக்தியைச் சோதனைக் குழாயில் அளந்து சொல்லும் எண் அது. அமெரிக்க வேளாண் துறையே அப்படி ஓர் அட்டவணை வைத்திருந்தது. குழாயில் நடப்பது உடம்பில் நடப்பதற்கு அத்தாட்சி இல்லை, கம்பெனிகள் அதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி 2012-ல் அந்த அட்டவணையை எடுத்து விட்டது.

சரி, எதுதான் வேலை செய்தது? அதற்கும் விடை நம்ம ஊரில் இருக்கிறது. ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம், 2006-ல் வெளிவந்தது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர். நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு, இவ்வளவுதான். நீரிழிவு வருவது 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் ஏறக்குறைய அதே பலன், 26.4 சதவீதம். பெரியப்பா நிறுத்தியதும் அந்த மெட்ஃபார்மினைத்தான்.

கல் எங்கே போயிற்று?

ஒரு நல்ல செய்தியோடு முடிக்கிறேன். மதராஸின் அந்தக் கணையக் கல் நீரிழிவு இப்போது வெகுவாகக் குறைந்து விட்டது. சென்னையில் நீரிழிவு மையங்களின் பதிவேடுகளே அதைக் காட்டுகின்றன. வருகிறவர்களும் முன்பு போல வாலிபத்திலேயே சாவதில்லை. யாரும் ஊர் முழுக்க ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுக்கவில்லை. சோறு கிடைத்தது, முட்டை கிடைத்தது, பல வீடுகளில் மண்ணெண்ணெய் போய் கேஸ் வந்தது, இன்சுலின் கிடைத்தது. இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பாட்டில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஊட்டக்குறைவு நீரிழிவு என்ற வகுப்பை 1990களின் கடைசியில் உலக அமைப்புகள் கைவிட்டன. கணையக் கல் நோயை வேறு தலைப்புக்கு மாற்றினார்கள். ஆனால் 2025 ஜனவரியில் வேலூரில் நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். அந்த ஏப்ரலில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 'ஐந்தாம் வகை நீரிழிவு' என்று ஊட்டக்குறைவால் வரும் நோயை மீண்டும் ஏற்றுக் கொண்டது. கல் இல்லாத, மெலிந்த, ஏழை நோயாளிகளுக்கான பெயர் அது. சர்க்கரை என்றாலே கொழுத்தவன் நோய் என்று நினைக்கும் உலகத்துக்கு, பசித்தவனுக்கும் அது வரும் என்று மறுபடி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

இந்த நூறு வருஷக் கதையில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஆன்டிஆக்சிடன்ட் பொய் இல்லை. ஆனால் அதன் பலன் எல்லாம் இல்லாதவனுக்குக் கிடைக்கும்போதுதான் பெரிதாகத் தெரிகிறது. விற்பனையோ இருப்பவனைத் தேடித்தான் போகிறது. வைட்டமின் சி குறைந்த அந்த மதராஸ் ரத்தத்துக்குச் சொந்தக்காரர்களால் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பாட்டிலை வாங்கியிருக்கவே முடியாது. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு கைப்பிடிக் கீரையும் ஒரு நெல்லிக்காயும்.

பெரியப்பா இப்போது மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். காலையில் ஆவடி ஸ்டேஷன் வரை நடக்கிறார். திரும்பி வரும்போது ஒரு கட்டு அரைக்கீரையோ முருங்கையோ வாங்கி வருகிறார். "இதுல ஆன்டிஆக்சிடன்ட் இருக்காடா?" என்று கேட்டார் போன வாரம். "இருக்கு பெரியப்பா, ஆனா அதுக்காகச் சாப்பிடாதீங்க, கீரைங்கறதுக்காகச் சாப்பிடுங்க" என்றேன். சிரித்தார். காலி ஜூஸ் பாட்டிலில் பெரியம்மா இப்போது நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார். கடைசியில் அந்தப் பாட்டிலுக்குள்ளும் ஒரு நிஜமான ஆன்டிஆக்சிடன்ட் வந்து சேர்ந்து விட்டது!

பின்குறிப்பு: நான் மருத்துவன் இல்லை, மாணவன். இதைப் படித்து யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டரைக் கேளுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டில் வந்திருந்தால், மாத்திரை நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.